காயத்துக்கு வாழையிலை

கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தோட்டத்தில் நறுக்கும் இலை பெரும்பாலும் பந்திக்குத்தான் போகிறது. மும்பை மருத்துவர்கள் அதை வேறு வேலைக்கு எடுத்தார்கள்.

வாழையிலையைக் கட்டுத்துணியில் ஒட்டி, ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கி, தீக்காயத்தின்மேல் வைத்துக் கட்டினார்கள். ஒட்டுக்காகத் தோல் எடுத்த புண்களில் வாஸ்லின் தடவிய வலைத்துணியோடு ஒப்பிட்டபோது, கட்டைப் பிரிக்கையில் வலி குறைவு. மெழுகுப் பூச்சுள்ள வழவழப்பான இலை புண்ணில் ஒட்டுவதில்லை, புதுத்தோலையும் பிய்ப்பதில்லை. ஆய்வுகள் 2003-இல் வெளியாயின. தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்திய நம் பாட்டிமார் அவற்றைப் படித்திருக்க வாய்ப்பில்லை!

ஆனால் கொல்லையில் அறுத்த இலையில் மண்ணும் கிருமியும் இருக்கும். அதை அப்படியே புண்ணில் வைக்காதீர்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.