பத்து எழுத்துக்கு ஒரே சட்டை

கம்ப்யூட்டரில் ‘க்’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது இரண்டு குறியீடுகள்: முதலில் ‘க’, பிறகு ஒரு புள்ளி. மெய்யோடு உயிர் சேர்ந்தால்தான் உயிர்மெய் என்று சொல்லிக்கொடுக்கும் தமிழாசிரியருக்கு இது தலைகீழ்ப் பாடம். இதன் வேர்களில் ஒன்று புனேயில் இருக்கிறது.

1988-ல் புனேயில் தொடங்கிய சி-டாக், பரம் சூப்பர் கம்ப்யூட்டரால் பெயர் வாங்கியது. ஆனால் சாதாரண அலுவலகங்களுக்குள் நுழைந்தது, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்து இங்கே வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம். அதன் அடிப்படை இஸ்கி. 1991-ல் தேசியத் தரமாக ஏற்கப்பட்ட இந்தக் குறியீட்டில் பத்து இந்திய எழுத்துமுறைகளுக்கும் ஒரே அட்டவணைதான். இந்தி ‘க’வுக்கும் தமிழ் ‘க’வுக்கும் ஒரே எண்.

லாபம் உண்டு. இந்தியில் அடித்த பெயரை நொடியில் தமிழ் எழுத்துக்கு மாற்றலாம். நஷ்டம் தமிழுக்கு. நாகரியில் ‘க’ வரிசைக்கு ஐந்து எழுத்து; தமிழில் க, ங மட்டுமே. நடுவில் மூன்று நாற்காலிகள் காலி. 1991-ல் வந்த யூனிகோடும் 1988-ன் இஸ்கி வரிசையையே பின்பற்றியதால் அந்தக் காலியிடங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

சென்னை சும்மா இருக்கவில்லை. 1999 பிப்ரவரியில் தமிழ்நெட் 99 மாநாடு, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் முன்வைத்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு, 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் டேஸ்16-ஐயும் அங்கீகரித்தது.

விசைப்பலகைச் சண்டை சுலபமாகத் தணிந்தது. ஒருவர் இன்ஸ்கிரிப்டில் அடிக்கலாம், பக்கத்து மேஜைக்காரர் தமிழ்99-ல் அடிக்கலாம், கோப்பு கெடாது. குறியீடு அப்படியல்ல. ஒரே கடிதத்தை இருவர் திருத்த வேண்டுமானால் இருவரிடமும் ஒரே எண் இருந்தாக வேண்டும். 1990களில் ஆளுக்கொரு எழுத்துரு, அதற்கொரு குறியீடு என்று இருந்தபோது, ஒரு பத்திரிகையின் இணையதளத்தைப் படிக்கவே அதன் எழுத்துருவை இறக்க வேண்டியிருந்தது. புனேயின் பொது அட்டவணையைத் திட்டுபவர்கள் இந்த அவஸ்தையை மறந்துவிடுகிறார்கள். அதற்காகத் தமிழ் இலக்கணம் நாகரியின் சட்டைக்குள் நுழைந்ததும் நியாயமாகிவிடாது.

டேஸ்16 இப்போது யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் குடியிருக்கிறது. அங்கே எந்த எண்ணுக்கும் உத்தரவாதம் கிடையாது. தமிழுக்கான பகுதியின் காலி நாற்காலிகளில் புதியவர் உட்காரலாம். 2005-ல் ‘ஶ’ அப்படித்தான் வந்தது. ஒருமுறை உட்கார்ந்த எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்று யூனிகோட் கன்சார்டியம் தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டிருக்கிறது.