ஆறாம் தரத்தில் போட்ட ஊசி

எங்கள் கல்லூரியின் பிரதான மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. தமிழ்த்தினப் போட்டி, மீலாத் போட்டி, வலய மட்ட விளையாட்டு என்று நாம் வென்ற கிண்ணங்களெல்லாம் அதற்குள் வரிசையாக நிற்கின்றன. விருந்தினர் யார் வந்தாலும் முதலில் அழைத்துச் சென்று காட்டுவது அந்த அலுமாரியைத்தான்.

அதே மண்டபத்தில் வருடத்தில் இரண்டு நாள் இன்னொரு காரியமும் நடக்கிறது. அதற்குப் பொன்னாடை இல்லை, வரவேற்புரை இல்லை. மூன்று மேசைகள், ஒரு குளிர்ப்பெட்டி, சில தாதிமார், ஒரு வைத்தியர். ஆறாம் தரத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து கையைக் காட்டிவிட்டு, சிலர் அழுதுகொண்டும் சிலர் சிரித்துக்கொண்டும் வகுப்புக்குத் திரும்புவார்கள். நமது நாட்டுப் பாடசாலைகளும் பிள்ளைகளுக்கான சுகாதார சேவையும் சேர்ந்து அண்மைக் காலத்தில் பெற்ற மிகப் பெரிய வெற்றி எது என்று என்னிடம் கேட்டால், அந்த மூன்று மேசைகளைத்தான் காட்டுவேன். அது ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கையெழுத்து வைக்காத கடிதம்

2019ஆம் ஆண்டு நான் ஆறாம் தரத்தில் இருந்தேன். வகுப்பாசிரியை எல்லோருக்கும் ஒரு கடிதம் தந்தார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி போடப்படும், பெற்றோர் சம்மதித்தால் கையொப்பமிட்டு அனுப்பவும் என்று அதில் இருந்தது. உம்மா அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மடித்து குர்ஆன் றாக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"இந்த ஊசி போட்டா பிறகு புள்ள கிடைக்காதாம் எண்டு சொல்றாங்க. பாத்துச் செய்வம்" என்றார்.

யார் சொன்னார்கள் என்று கேட்டால் உம்மாவுக்குத் தெரியாது. யாரோ யாருக்கோ தொலைபேசியில் அனுப்பிய குரல் பதிவு அது. அடுத்த நாள் எங்கள் வகுப்பில் ஐந்து பேர் கடிதம் இல்லாமல் வந்திருந்தோம். ஐந்து வீடுகளிலும் அதே பயம்.

உம்மாவின் மனதை மாற்றியது எந்த வைத்தியருமல்ல. அவரது சாச்சி, நான் சின்ன உம்மம்மா என்று கூப்பிடுபவர். அவருக்கு ஒரு மகன் இருக்கிறார். எனக்கு மாமா முறை. 1995இல் பிறந்தவர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, ஒரு கண்ணில் வெண்படலம். சின்ன உம்மம்மாவுக்கு அவர் வயிற்றில் இரண்டு மாதமாக இருந்தபோது மூன்று நாள் மெல்லிய காய்ச்சலும் உடம்பில் சிவந்த பருக்களும் வந்தனவாம். வெக்கைக்கு வந்தது என்று நினைத்து யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அது ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து என்று பிறகுதான் தெரிய வந்தது.

கடிதத்தின் கதையைக் கேட்டதும் அவர் உம்மாவிடம் சொன்னார்: "எனக்கு இப்பிடி ஒரு ஊசி தாறம், போடுறியா எண்டு அந்த நாள்ல ஒருத்தரும் கேக்கல்ல மகள். கேட்டிருந்தா நான் ஓடிப் போய்ப் போட்டிருப்பன்."

அன்று இரவே உம்மா கையெழுத்து வைத்தார்.

கண் வைத்தியர் ஒருவரின் அவதானம்

ருபெல்லா வந்தவருக்கு அது சிறிய நோய். சில நாட்களில் மாறிவிடும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தால், வயிற்றிலுள்ள சிசுவின் காது, கண், இருதயம் ஆகியவை பாதிக்கப்படும் ஆபத்து மிக அதிகம். இதை முதலில் கண்டுபிடித்தவர் அவுஸ்திரேலியாவின் கண் வைத்தியர் நோர்மன் கிரெக். 1941ஆம் ஆண்டு, கண்ணில் வெண்படலத்தோடு பிறந்த குழந்தைகள் ஏன் இத்தனை பேர் தன்னிடம் வருகிறார்கள் என்று அவர் யோசித்தார். தாய்மாரிடம் விசாரித்தபோது, அவர்களில் அநேகருக்குக் கர்ப்பகாலத் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்தது தெரிந்தது. தாய்மார் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

இலங்கையில் 1996இல் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு ருபெல்லா தடுப்பூசி அறிமுகமானது. சின்ன உம்மம்மாவுக்கு அது ஒரு வருடம் பிந்திவிட்டது. 2001இல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, ருபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி வந்தது. 2011இல் கூகைக்கட்டும் அதோடு சேர்க்கப்பட்டது. அதைத்தான் நாம் எம்.எம்.ஆர். என்கிறோம். இப்போது 9 மாதத்திலும் 3 வயதிலும் அதைப் போடுகிறார்கள்.

பலன் என்ன? 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2020இல் ருபெல்லாவும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் இவ்விரு நோய்களையும் முதலில் ஒழித்த இரண்டு நாடுகள் இலங்கையும் மாலைதீவும். இளம்பிள்ளைவாதம் இங்கே கடைசியாகக் காணப்பட்டது 1993இல். நம் வயதில் யாரும் அந்த நோயோடு ஒரு வகுப்புத் தோழியைக் கண்டதில்லை.

ஏன் பாடசாலையில்?

குழந்தையாக இருக்கும்போது கிளினிக்குக்குத் தூக்கிச் செல்வார்கள். நடக்கத் தொடங்கிய பிறகு, நோய் வந்தாலொழிய நம்மை யாரும் வைத்தியரிடம் காட்டுவதில்லை. ஆனால் பாடசாலைக்கு எல்லோரும் வருகிறோம். நமது நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக்குச் செல்வது 2016 முதல் கட்டாயம். மீனவரின் பிள்ளையும் வைத்தியரின் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் அது ஒன்றுதான். அந்த வரிசைக்கு ஊசியைக் கொண்டு வந்தால் யாரும் விடுபட மாட்டார்கள் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

இதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1, 4, 7, 10ஆம் தரங்களில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி கண், காது, பல், இருதயம், உயரம், நிறை எல்லாவற்றையும் பார்க்கிறார். விடுபட்ட தடுப்பூசிகள் உண்டா என்று பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பார்க்கிறார்கள். கரும்பலகை தெரியாமல் "படிப்பு ஏறாத பிள்ளை" என்று பெயர் வாங்கியவள் கண்ணாடி போட்டதும் முதலாம் பிள்ளையாக வருவது இந்தப் பரிசோதனையால்தான். ஏழாம் தரத்தில் ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் எதிரான ஊசி போடப்படுகிறது. 2017 முதல் ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி. இதற்குப் பெற்றோர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

வெறும் சிரட்டை

எச்.பி.வி. என்பது ஒரு வைரசு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அநேகமாக முழுவதும் இந்த வைரசினால்தான் வருகிறது. 2022இல் மட்டும் உலகில் சுமார் 350,000 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்ந்தவர்கள்.

உயர்தர உயிரியல் படிப்பவர்களுக்கு இந்தத் தடுப்பூசி ஒரு அழகான பாடம். இதில் வைரசு இல்லை. வைரசின் வெளிக்கோதைப் போன்ற புரதம் மட்டுமே இருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய டி.என்.ஏ. கிடையாது. தேங்காயைத் துருவி எடுத்த பிறகு எஞ்சும் சிரட்டையை மண்ணில் புதைத்தால் தென்னை முளைக்குமா? அதுபோல இந்தக் கோதினால் உடலில் பெருகவோ நோயைத் தரவோ முடியாது. ஆனால் நமது உடல் அந்தக் கோதைப் பார்த்து உருவத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பிறபொருளெதிரிகளும் நினைவுக் கலங்களும் உருவாகின்றன. என்றோ ஒரு நாள் உண்மையான வைரசு வந்தால் உடல் அதை வாசலிலேயே தடுத்துவிடும்.

ஏன் 11 வயதில்? இரண்டு காரணங்கள். இந்த வயதில் உடலின் எதிர்ப்புச் சக்தி நன்றாக வேலை செய்வதால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் போதும். மற்றது, தடுப்பூசி தொற்று வருமுன் காக்குமே தவிர, வந்த தொற்றைக் குணமாக்காது. இந்த வைரசு பொதுவாக இல்லற உறவின் வழியாகப் பரவுகிறது. "எங்கட பிள்ளைகளுக்கு இது எதுக்கு?" என்று சிலர் கேட்பது இதனால்தான். அவர்களுக்குப் பணிவாக ஒன்று சொல்ல வேண்டும். ஒழுக்கமாக வாழ்ந்து, மணமுடித்து, ஒரு வீட்டுக்குள் மட்டுமே வாழும் பெண்ணுக்கும் அவள் அறியாமலே இந்தத் தொற்று வரலாம். நோய் ஒருவரின் நடத்தைக்குச் சான்றிதழ் அல்ல.

தொற்று புற்றுநோயாக மாற அநேகமாக 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். ஆகவே இந்த ஊசியின் முழுப் பலனை நம் மண்டபத்தில் ஊசி போட்ட தாதி காண முன்னரே ஓய்வு பெற்றிருப்பார். ஊசி போட்டவர்களும் 35 வயதானதும் பெண்கள் நலக் கிளினிக்கில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நமது உம்மாமாருக்கு இப்போதே அந்த வயதாகிவிட்டது என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

பயம் எங்கிருந்து வருகிறது?

பிள்ளை கிடைக்காது என்ற கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடப்பட்டிருக்கிறது. அவர்களை ஆராய்ந்தவர்கள் அப்படி ஒரு பாதிப்பைக் காணவில்லை. கை நோகும், சிலருக்கு இலேசான காய்ச்சல் வரும், சிலர் பயத்தில் மயங்குவார்கள். அதற்காகவே வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்றும், போட்ட பிறகு கொஞ்ச நேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

ஆனாலும் எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் ஏன் உடனே ஒட்டிக்கொள்கிறது என்பது எனக்கு விளங்குகிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாவுக் கட்டி. அந்தப் பொய்யால் பாதிக்கப்பட்டவர்கள் நாம். அடுத்த வருடம் அதே பொய் வேறு உடுப்புப் போட்டு ஊசியின் பெயரில் நம் வீட்டுக்குள் வந்தபோது, நாமும் விசாரிக்காமல் நம்பினோம். நமக்கு எதிராகச் சொன்னால் வதந்தி, நமக்குள்ளே சொன்னால் செய்தியா?

கட்டிய வீட்டைக் காப்பது

ஒழித்த நோய் திரும்பி வராது என்று நினைப்பதும் தவறு. 2023இல் சின்னமுத்து மீண்டும் நாட்டுக்குள் பரவியது. கொழும்பில்தான் அதிகம். முதல் ஊசிக்கு வயது வராத கைக்குழந்தைகளும் பாதிக்கப்பட்டார்கள். சின்னமுத்து மிக வேகமாகப் பரவும் நோய். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது ஊசி போட்டிருந்தால்தான் அது நிற்கும். 2024 ஜனவரியில் தெரிந்தெடுத்த மாவட்டங்களில் 6 மாதம் முதல் 9 மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட வேண்டி வந்தது. ஊசி போடாத ஒரு பெரியவரின் நோய் தொட்டிலில் உள்ள பிள்ளைக்குப் போகிறது என்றால், கையெழுத்து வைக்காத கடிதம் ஒரு வீட்டின் விஷயம் மட்டுமல்ல.

இன்று

நான் இப்போது மாணவத் தலைவி. இவ்வருடம் ஊசி போடும் நாளில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. 2019இல் ஏப்ரலுக்குப் பிறகு பாடசாலைகள் மூடித் திறந்த அந்தக் கலக்கமான வருடத்திலும், எனக்கு இரண்டாவது ஊசி உரிய மாதத்தில் போடப்பட்டது. அந்த ஞாபகம் வந்தது. அன்று கடிதம் கொண்டு வராத ஐந்து பேரில் மூன்று பேர் பிறகு போட்டுக்கொண்டோம். இரண்டு பேர் இன்றுவரை போடவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் இப்போது என்ன செய்யலாம் என்று கேட்கும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போவதாக இருக்கிறேன்.

வரிசை முடிந்த பிறகு, வகுப்பறையில் தனியாக அமர்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையைக் கண்டேன். "எங்கட உம்மா கையெழுத்து வெக்கல்ல தாத்தா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். "மிட்வைப் மிஸ்ஸோட உம்மாவ ஒருக்காப் பேசச் சொல்லு. பயமா இருக்கிறத எல்லாம் கேக்கச் சொல்லு" என்றேன். தலையாட்டினாள்.

அவளது பெயரை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அந்த மேசைகள் திரும்பவும் மண்டபத்துக்கு வரும். அன்றைக்கு அவள் வரிசையில் நிற்கிறாளா என்று பார்க்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.