இரண்டு லோரிகள்: எதனைத் தேர்ந்தெடுப்பது?

வெட்டிய செம்பனைக் குலைகள் நெடுநேரம் கிடந்தால் எண்ணெயில் அமிலத்தன்மை மிகுந்து அதன் தரம் குன்றும். ஆதலின் 24 மணி நேரத்திற்குள் அவற்றை ஆலையில் சேர்த்தல் நலம். இதற்கெனச் சொந்த லோரி வாங்க எண்ணும் சிறுதோட்டக்காரர்கள் ஒப்பிடத்தக்க இரு ஜப்பானிய லோரிகள் இசுசு என்.பி.ஆர்., ஹினோ 300 என்பனவாகும்.

இரண்டும் டீசலில் ஓடுபவை. இரண்டிலும் ஓட்டுநர் அறை இயந்திரத்தின்மேல் அமைந்திருப்பதால், குறுகிய தோட்டப் பாதைகளில் திருப்புவது எளிது. அறையை முன்புறம் சாய்த்து இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம்.

இயந்திரத்தில்தான் வேற்றுமை உண்டு. என்.பி.ஆரில் பொருத்தப்படும் 4எச்.கே.1 இயந்திரத்தின் கொள்ளளவு 5,193 கன சென்டிமீட்டர்; ஹினோ 300-இல் பொருத்தப்படும் என்04சி இயந்திரத்தின் கொள்ளளவு 4,009. கொள்ளளவை மட்டும் கொண்டு இழுவைத் திறனை முடிவு செய்தல் ஆகாது. முறுக்குவிசையும் பற்சக்கர விகிதமும் சேர்ந்தே மேடேறும் ஆற்றலை நிர்ணயிக்கின்றன.

இயந்திரம் பெரிதாயின் அதிகச் சுமை ஏற்றலாம் என்பது தவறான எண்ணம். சுமையுடன் அனுமதிக்கப்பட்ட எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து வருவதே நாம் ஏற்றத்தக்க சுமை. எடுத்துக்காட்டாக, அனுமதி 7,500 கிலோ, வெற்று எடை 3,500 கிலோ எனில், 4,000 கிலோ ஏற்றலாம். சாய்த்துக் கொட்டும் பெட்டி பூட்டுவதால் வெற்று எடை 400 கிலோ கூடினால், சுமை 3,600 கிலோவாகக் குறையும். நாளொன்றுக்கு நான்கு நடையெனில் 1,600 கிலோ குறைவு. ஆனால் குலைகளை இறக்கும் நேரமும் உடலுழைப்பும் மிச்சமாகும். எது இலாபம் என்பதை ஆலையின் தூரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

குறையும் சுமையை ஈடுசெய்ய அளவுக்கு மீறி ஏற்றுவது பேராபத்து. சரிவில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். சுமை கூடக் கூடச் சூடும் கூடும். சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறி, இயந்திரமே வேகத்தை அடக்குமாறு செய்ய வேண்டும். குலைகளின்மேல் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதை அறவே தவிர்க்க வேண்டும்.

ஆகவே, வாங்குமுன் விலையை மட்டும் கேளாமல், பெட்டியுடன் சேர்ந்த வெற்று எடை எவ்வளவு, உதிரிப்பாகங்களும் பட்டறையும் அருகில் உள்ளனவா என்று விசாரிப்போமாக. நாள்தோறும் அந்த லோரியைச் சரிவில் இறக்கப்போகும் ஓட்டுநரையும் உடன் அழைத்துச் சென்று, தோட்டப் பாதை போன்ற மேட்டுப் பாதையில் ஓட்டிப் பார்க்கச் செய்வோமாக. இரண்டில் எதை வாங்கினாலும், அளவறிந்து ஏற்றினால்தான் அது நமக்கு நெடுங்காலம் உழைக்கும். ஓட்டுநரும் மாலையில் நலமாக வீடு திரும்புவார்.