எழுதிக் கொடுத்தால் பேச்சு வருமா?

"தண்ணீர்" என்று கேட்டால் தண்ணீர் கிடைக்கிறது. சொல்லுக்கு உடனே கூலி. "நீ என்ன வரைகிறாய்?" என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டால்? கிடைப்பது இன்னொருவரின் பேச்சு மட்டும்தான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளை அந்தக் கூலி ஈர்ப்பதில்லை. அவர்கள் தாமாகப் பேச்சைத் தொடங்காததற்கு, நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறை தரும் விளக்கம் இது.

பேச்சைத் தொடங்க எப்படிக் கற்பிப்பது? அமெரிக்காவின் பட்ரீசியா கிராண்ட்ஸ், லின் மெக்லனஹன் இருவரும் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள 4 குழந்தைகள், ஓவிய நேரம். சக பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய வரிகளை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அந்த வரிகளை வாலிலிருந்து தலைநோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். கடைசியில் தாளே இல்லை.

ஏன் வாலிலிருந்து? முதல் சொல் கண்ணில் பட்டால் மிச்சம் தானே வரும்; நாடகத்தில் திரைமறைவிலிருந்து அடியெடுத்துக் கொடுப்பதுபோல.

இது வெறும் கிளிப்பிள்ளைப் பேச்சுதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் வரிகள் தேயத் தேய, எழுதிக் கொடுக்காத புது வரிகளையும் அந்தக் குழந்தைகள் பேசினார்கள். நால்வர் என்பது சிறிய கூட்டம்தான். அதை மறக்கக் கூடாது.

படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு, பின்னாளில் ஒலிப்பதிவு செய்த வரிகள் வந்தன.