வெட்டிய கல்லீரலை வளரச் சொல்வது யார்?

எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், ஏறக்குறைய பத்து நாளில் பழைய எடைக்கு வந்துவிடுகிறது. ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931-இல் விவரித்த அறுவை முறை இது.

வளரச் சொல்வது யார்? பெரும்பங்கு, கிருமிகளை விழுங்கும் குப்ஃபர் செல்களுக்கு. குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியே வரும் பாக்டீரியாத் துணுக்குகள் பட்டதும், இவை டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 என்னும் சேதிப் புரதங்களைச் சுரக்கின்றன. அதுவரை ஓய்ந்திருந்த கல்லீரல் செல்கள் பிளவுபட ஆயத்தமாகின்றன. இன்டர்லூக்கின்-6 இல்லாத சுண்டெலிகளில் இந்த வளர்ச்சி தடுமாறியதை 1996-இல் கண்டார்கள். தொற்று வந்தால் காய்ச்சலை மூட்டும் அதே புரதம் இங்கே உறுப்பை மீட்கத் துணைநிற்கிறது. எனக்கு இது தீராத வியப்பு!

ஆனால் நோய் எதிர்ப்புக் காவலர்கள் எல்லோரும் வளர்ச்சிக்கு உதவுவதில்லை. இயற்கைக் கொல்லி செல்கள் மிகையாகக் கிளர்ந்தால் இன்டர்ஃபெரான்-காமா என்னும் சேதிப் புரதம் பெருகி, செல் பிளவு மட்டுப்படுகிறது.