நீதிபதி தவறு செய்தால் யார் கேட்பது?

தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கோ, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கோ அலோர் ஸ்டார் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கேயும் முடியாவிட்டால் புத்ராஜெயா. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு உண்டு. ஆனால் நீதிபதியின் நடத்தையே சரியில்லை என்றால் எங்கே போவது?

சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. 2009-இல் நீதிபதிகளுக்கான நன்னெறிக் கோவை வந்தது. தலைமை நீதிபதிக்கு எழுத்துமூலம் புகார் செய்யலாம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறிய மீறல்களை நீதிபதிகள் நன்னெறிக் குழு விசாரிக்கும். பதவியையே பறிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய குற்றம் என்றால், அரசியலமைப்பின் 125-ஆவது விதிப்படி குறைந்தது 5 பேர் கொண்ட நடுவர் மன்றம் அமைய வேண்டும். அரசாங்கம் நினைத்த மாத்திரத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியை வீட்டுக்கு அனுப்ப முடியாது. நாடாளுமன்றத்தில் அவர் நடத்தையைப் பேசுவதற்குக்கூட, மொத்த உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.

இவ்வளவு பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1988 பதில் சொல்லும்.

அலோர் ஸ்டாரில் பிறந்து, குபாங் பாசு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் மகாதீர்தான் அப்போது பிரதமர். நீதித்துறையை அவர் விமர்சித்துப் பேசியது குறித்து, நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் மாமன்னருக்குக் கடிதம் எழுதினார். அம்னோ கட்சி வழக்கை 9 நீதிபதிகள் விசாரிக்க அவர் ஜூன் 13-ஆம் தேதியைக் குறித்திருந்தார். அதற்கு முன்பே அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரித்த நடுவர் மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர், அவருக்குப் பதிலாக இடைக்காலத் தலைமை நீதிபதியாக அமர்ந்திருந்த டான்ஸ்ரீ அப்துல் ஹமிட் ஓமார். காலியாகும் நாற்காலிக்கு வரக்கூடியவரே விசாரணை நடத்தினால் அதை நியாயம் என்று யார் ஏற்பார்கள்? அந்த விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்த உச்சநீதிமன்ற நீதிபதிகள் 5 பேரும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்டில் துன் சாலே பதவி இழந்தார். பிறகு அந்த ஐவரில் டான்ஸ்ரீ வான் சுலைமானும் டத்தோ ஜார்ஜ் சியாவும் நீக்கப்பட்டனர். 20 ஆண்டுகள் கழித்து, 2008-இல்தான் அரசாங்கம் கருணைத் தொகை அறிவித்தது.

இது மேலிடத்துச் சண்டை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. அதே 1988-இல் அரசியலமைப்பின் 121-ஆவது விதியும் திருத்தப்பட்டது. ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்ட விவகாரங்களில் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்ற வரி அப்போது நுழைந்ததுதான். பிள்ளைகளின் மதமாற்ற வழக்குகளில் எத்தனையோ தாய்மார்கள் முட்டி நின்ற சுவர் அது. ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்றது. நீதி அதிகாரம் சிவில் நீதிமன்றங்களுக்கே உரியது, அதை எடுத்துவிட முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. பதவி போய்விடுமோ என்று அஞ்சும் நீதிபதியிடமிருந்து அப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்குமா?

அதற்காக நீதிபதியைத் தொடவே கூடாது என்றும் இல்லை. எஸ்ஆர்சி வழக்கில் 2020-இல் முன்னாள் பிரதமர் நஜிப்பைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்த நீதிபதி முகமட் நஸ்லானை, 2022-இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது. அப்படி விசாரிக்கலாமா என்ற கேள்வி கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. 2023 பிப்ரவரி 24-இல் பதில் வந்தது: விசாரிக்கலாம், வழக்கும் தொடுக்கலாம். ஆனால் நல்லெண்ணத்தோடு செய்ய வேண்டும். தலைமை நீதிபதியிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். நஸ்லான் விஷயத்தில் அந்த முறை பின்பற்றப்படவில்லை என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆணையத்தின் கையையும் கட்டாமல், நீதிபதியையும் மிரட்டலுக்கு விட்டுவிடாமல் சொன்ன பதில் இது.

நியமனத்தில்தான் இன்னும் இழுபறி. 2009-இல் நீதிபதிகள் நியமன ஆணையம் வந்தாலும், மாமன்னருக்கு ஆலோசனை சொல்பவர் பிரதமரே. ஆணையத்தின் 9 உறுப்பினர்களில் ஐவரையும் அவரே நியமிக்கிறார். தலைமை நீதிபதி துன் தெங்கு மைமூன் 2025 ஜூலைத் தொடக்கத்தில் பணி நீட்டிப்பின்றி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு உடனே யாரும் நியமிக்கப்படவில்லை. ஜூலை 14-இல் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நீதி மாளிகையிலிருந்து பிரதமர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். புதிய தலைமை நீதிபதி வான் அகமட் ஃபரிட் அம்மாத இறுதியில் பதவியேற்றார். நியமனத்தில் பிரதமரின் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகும் தொடர்கிறது.