உங்களுக்குத் தெரியுமா? – அழவைக்கும் நாடகம், சிரிக்கவைக்கும் நாடகம்

★ நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடக்கும் சண்டைதான் நாடகம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறிய சோபோக்ளீஸின் ‘ஆன்டிகனி’யில் கெட்டவர் என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. அரியணைக்காக உடன்பிறந்தார் இருவர் மோதி ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். ஊர்மீது படையெடுத்து வந்தவனின் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று புது மன்னன் கிரேயோன் ஆணையிடுகிறான். கூடப்பிறந்தவனை நாய்க்கும் கழுகுக்கும் விடமாட்டேன் என்கிறாள் ஆன்டிகனி. கிரேயோன் அவளுடைய தாய்மாமன். அவனுடைய மகனுக்குத்தான் அவளை நிச்சயித்திருக்கிறார்கள். அரசனாக அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சகோதரியாக அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயங்கள் ஒரே வீட்டுக்குள் மோதுவதால்தான் அந்த நாடகம் இன்றும் ஆறாமல் இருக்கிறது.

★ அதே நாடகத்தில் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடும் ஓர் இடம் உண்டு. ஆன்டிகனியை உயிரோடு ஒரு குகையில் அடைத்த பிறகு, பார்வையற்ற குறிசொல்லி எச்சரித்ததும் கிரேயோன் மனம் மாறுகிறான். முதலில் பெண்ணை விடுவிக்க வேண்டும், பிறகு பிணத்தை அடக்கம் செய்ய வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் வழி சொல்கிறார்கள். அவன் வரிசையை மாற்றிவிடுகிறான். முதலில் பிணத்தைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். மகன் அப்பன் கண்முன்னே வாளைப் பாய்ச்சிக்கொள்கிறான். சேதி கேட்டு அரசியும் மாய்கிறாள். ஊருக்கு வந்த தீட்டைக் கழிப்பதே கிரேயோனுக்கு அவசரமாகப் பட்டிருக்க வேண்டும். மனம் மாறிய பிறகும் அவன் மன்னனாகவே யோசித்தான், மாமனாக யோசிக்கவில்லை. குணம் என்பதை வசனத்தில் எழுத வேண்டியதே இல்லை, எதை முதலில் செய்கிறான் என்று காட்டினால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

★ நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களில் மிகப் பழையது ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ (கி.மு. 472). எட்டே ஆண்டுகளுக்கு முன் சலாமிஸ் கடற்போரில் ஏதென்ஸ் உள்ளிட்ட கிரேக்கர்கள் தோற்கடித்த பாரசீகர்களின் அரண்மனைதான் களம். மேடையில் ஒரு கிரேக்கர்கூட வருவதில்லை. மகன் என்ன ஆனானோ என்று தவிக்கும் எதிரி நாட்டு அரசமாதாவை, போரில் வென்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். எழுதியவரோ மாரத்தான் போர்க்களத்தில் பாரசீகர்களோடு நேரில் சண்டையிட்டவர்.

★ ‘ஈடிபஸ்’ நாடகத்தில் குற்றவாளியைத் தேடுபவனே குற்றவாளி. உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன் என்ற அவனுடைய நல்ல குணம்தான் அவனைக் கவிழ்க்கிறது. இத்தனைக்கும், இதோடு நிறுத்திக்கொள் என்று மனைவி கெஞ்சுகிறாள்.

★ கிரேக்கத்தில் பிணத்துக்காக நடந்த சண்டை அழவைத்தது என்றால், காஞ்சிபுரத்தில் மண்டையோட்டுக்காக நடந்த சண்டை சிரிக்கவைத்தது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ நம் மண்ணின் நாடகம். கள் மயக்கத்தில் தள்ளாடும் காபாலிகன் சத்தியசோமனும் அவன் துணைவி தேவசோமையும் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். அதில் வறுத்த இறைச்சி இருந்தது. எடுத்தது நாயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து வருகிறான் நாகசேனன் என்ற பிக்கு. மதுவையும் மங்கையையும் புத்தர் தடுத்திருக்கவே மாட்டார், கிழட்டுப் பிக்குகள்தாம் அந்தப் பகுதிகளை மறைத்துவிட்டார்கள் என்பது அவன் மனக்குறை. அவன் ஆடைக்குள் ஏதோ பாத்திரத்தை மறைத்திருப்பதைப் பார்த்ததும் சண்டை மூள்கிறது. தலைமுடியைப் பிடித்து இழுக்கக் கை நீட்டுகிறாள் தேவசோமை. மொட்டைத் தலையில் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் தானே கீழே விழுகிறாள். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதத் துறவி வருகிறான், விவகாரம் இன்னும் சிக்கலாகிறது. கடைசியில் நாய் தூக்கிப்போன கபாலத்தை ஒரு பித்தன் கொண்டுவந்து சேர்க்கிறான்.

இந்த நாடகத்தில் ஒருவரும் திருந்தவில்லை. காபாலிகன் காபாலிகனாகவே போகிறான், பிக்கு பிக்குவாகவே போகிறான். தொலைந்த பொருள் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். இன்பியலுக்கும் துன்பியலுக்கும் உள்ள வேறுபாடு பிடிவாதத்தின் அளவில் இல்லை. ஆன்டிகனிக்கும் சத்தியசோமனுக்கும் பிடிவாதம் ஒன்றுதான். இழந்தது திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

★ பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ‘கருமி’ (1668) நாடகத்தில் ஒரு காட்சி. அப்பாவுக்குத் தெரியாமல் கடன் வாங்க அலைகிறான் மகன். பெயரை வெளியே சொல்லாத யாரோ ஒருவன் கொள்ளை வட்டிக்குத் தரச் சம்மதிக்கிறான். நேரில் பார்த்தால் அந்த வட்டிக்காரன் அப்பா அர்பகோனேதான்! இருவரும் ஒரே பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவது வேறு கதை. தோட்டத்தில் புதைத்த பணப்பெட்டி காணாமல்போனதும் திருடனைப் பிடித்துவிட்டதாக நினைத்துத் தன் கையையே பிடித்துக்கொள்கிறான் அர்பகோன். பிறகு பார்வையாளர்களையும் சந்தேகப்படுகிறான். இங்கேயும் பெட்டி திரும்பக் கிடைக்கிறது, கல்யாணங்கள் நடக்கின்றன. அவன் மட்டும் இம்மி மாறவில்லை. கல்யாணத்துக்குத் தனக்குப் புதுத்துணி யாராவது எடுத்துத் தரவேண்டும் என்று கேட்டுவிட்டுப் பெட்டியைப் பார்க்கப் போய்விடுகிறான்.

★ அதே மோலியேர், 1673 பிப்ரவரி 17 அன்று ‘கற்பனை நோயாளி’யில் நோயே இல்லாமல் நோய் நோய் என்று புலம்பும் பாத்திரமாக நடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய உடல்நிலை உண்மையிலேயே மோசமானது. ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். சில மணி நேரத்தில் இறந்தார்.

★ ஒரே கதையை ஒரே காலத்தில் ஒருவரே இரண்டு விதமாக எழுத முடியுமா? 1595 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதினார். வீட்டார் தடுக்கும் காதல், ஒருவர் இறந்துவிட்டதாகத் தவறாக நினைத்து இன்னொருவர் மாய்தல் – இதுதான் ‘ரோமியோ ஜூலியட்’. இதே கதையைப் ‘பிரமஸ் – திஸ்பி’ என்ற பெயரில் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தின் கடைசியில் தச்சரும் நெசவாளரும் கோமகன் முன்னால் நடித்துக் காட்டுகிறார்கள். அரங்கம் சிரித்து ஓய்வதில்லை. ‘ரோமியோ ஜூலியட்’டே பாதி தூரம் இன்பியல் நாடகத்தின் நடையில்தான் போகிறது. மூன்றாம் அங்கத்தில், கேலி பேசியே நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த மெர்குஷியோ குத்துப்பட்டுச் சாகிறான். அந்த ஒரு சாவுக்குப் பிறகு எதையும் திருப்ப முடியாது.

★ ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ முடிவை 1681-இல் நேஹம் டேட் என்பவர் மாற்றி எழுதினார். அதில் கடைசி மகள் கார்டீலியா சாவதில்லை. கல்யாணமும் செய்துகொள்கிறாள். லியருக்கு அரியணையும் திரும்பக் கிடைக்கிறது. ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆங்கில மேடை இந்தப் பிரதியைத்தான் நடித்தது. 1838-இல் நடிகர் மக்ரெடி ஷேக்ஸ்பியரின் பிரதியை மேடைக்கு மீட்டார். டேட் செய்ததை நான் ஏற்கவில்லை. மகளைக் கடைசியில் திருப்பித் தந்துவிட்டால், முதல் காட்சியில் அவளை விரட்டிய கோபத்துக்கு விலையே இல்லாமல் போய்விடுகிறது.

★ இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) முடிவில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். ஜெர்மன் நடிகை ஒருவர் அப்படி நடிக்க மறுத்துவிட்டார். வேறு யாராவது கைவைப்பதற்குள், நோரா வீட்டிலேயே தங்கிவிடுவதுபோல ஒரு முடிவை இப்சனே எழுதிக் கொடுத்தார். பிற்காலத்தில் அதற்காக மிகவும் வருந்தினார்.

★ சாவை மேடையில் காட்டலாகாது என்பது வடமொழி நாடக மரபு. ‘ஊருபங்கம்’ அதை மீறியது. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனிடம் ஓடிவருகிறான் சிறுவன் துர்ஜயன். எப்போதும்போல அப்பா மடியில் உட்காரப் பார்க்கிறான். அந்த மடிதான் இப்போது இல்லை. பாரதத்தின் வில்லனுக்காக நம்மைக் கலங்கவைக்க இந்த நாடகாசிரியருக்கு ஒரு குழந்தை போதுமானதாக இருந்தது. பாசன் எழுதியதாகச் சொல்லப்படும் இந்த நாடகம் உள்ளிட்ட 13 நாடகங்களைப் பதிப்பித்தவர் த. கணபதி சாஸ்திரி. ஓலைச்சுவடிகள் கிடைத்த மணலிக்கரை, இன்றைய குமரி மாவட்டத்தில் பத்மநாபபுரத்துக்கு அருகில் இருக்கிறது.

★ செகாவ் தன் கடைசி நாடகமான ‘செர்ரித் தோட்ட’த்தை (1904) இன்பியல் என்றார். இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைத் துன்பியலாகவே மேடையேற்றினார். செகாவுக்குக் கடைசிவரை வருத்தம். தோட்டம் ஏலத்துக்கு வரப்போகிறது, மனைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டால் காப்பாற்றலாம் என்று லொபாகின் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறான். உடைமைக்காரர்கள் காதிலேயே வாங்குவதில்லை. அந்தப் பண்ணையில் அடிமையாக இருந்தவரின் மகனான லொபாகினே கடைசியில் ஏலத்தில் அதை வாங்குகிறான். இழந்தது திரும்பவில்லை, ஆனாலும் இன்பியல் என்கிறாரே என்று குழப்பம் வரும். இருவரில் செகாவ் பக்கம்தான் நான். பேசிக்கொண்டே நழுவவிடுகிற மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பு வராவிட்டால், அவர்கள்மீது இரக்கமும் முழுதாக வராது.

★ அழுகையையும் சிரிப்பையும் ஒரே மேடையில் வைத்திருக்கும் கலை இன்னும் நம் வடமாவட்டங்களில் உயிரோடு இருக்கிறது. ‘கர்ண மோட்சம்’ கூத்தில், போருக்குப் போகுமுன் விடைபெற வரும் கர்ணனைத் தேரோட்டி மகன் என்று இகழ்கிறாள் மனைவி பொன்னுருவி. நெஞ்சை அறுக்கும் அந்தத் தர்க்கத்தின் நடுவே கட்டியக்காரன் புகுந்து ஊரைச் சிரிக்கவைக்கிறான். அடுத்த பாட்டில் ஊர் மறுபடி கலங்குகிறது. பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். உங்கள் பக்கத்து ஊரில் நடந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதியில் எழுந்து வராமல் விடியும்வரை இருந்து பாருங்கள்.